ஒருநாள் கைமாற்று

விடியுமுன்பே தனம் பால் கறக்க உட்கார்ந்துவிட்டாள். விரல் கணுக்கள் வீங்கிக் கடுத்தன. கிரிவலப் பாதையை விட்டு உள்ளே தள்ளியிருந்த அந்த ஊரில், அவள் வீட்டு அடுப்பு எரிவதே இந்தச் செவலை மாட்டை நம்பித்தான்.

பாதிக் கறவையில் வட்டிக்காரர் சகாதேவன் வந்து கயிற்றை அவிழ்த்தார்.

“கன்னு இன்னும் குடிக்கலைங்க.”

“கன்னு எனக்கெதுக்கு? நீயே வச்சுக்க.”

வண்டி கிளம்பியது. பின்னாலேயே ஓடிய கன்று முட்டி தேய விழுந்தது.

எல்லாம் மார்ச் மாதத்து வினை. கூட்டுறவு வங்கிச் செயலாளர் சக்கரபாணி வருடா வருடம் சொல்வதுதான்: காலையில் பழைய கடனைக் கட்டினால் சாயங்காலமே புதுக்கடன். மாட்டுக்கடன் வாங்கிய ஊர்ப் பெண்களும் வழக்கம்போலச் சகாதேவனிடம் ஒருநாள் கைமாற்று வாங்கிக் கட்டினார்கள். இந்த வருடம் புதுக்கடன் வரவேயில்லை. கைமாற்றுக்கு வட்டி ஏறியது. வங்கிக்கோ வசூலில் முதலிடம் என்று கேடயம் வந்தது.

பால் காயாத கையோடு தனம் வங்கிக்கு ஓடினாள்.

“மாடு போயிடுச்சுங்க சார்.”

“வெளிய கடன் வாங்கச் சொன்னது நானா? பேங்க்குக்கு நீ பாக்கியே இல்லம்மா, சந்தோஷப்படு,” என்றார் சக்கரபாணி, கேடயத்தைத் துடைத்தபடி. மனிதனா இவன்!

வாசலில் சந்திரம்மாள் நின்றிருந்தாள். அடுத்துச் சகாதேவன் அவிழ்க்கப்போவது அவள் மாட்டைத்தான்.

“‘உனக்குத்தான் மொதல்ல புதுக்கடன் தருவேன், வெளிய சொல்லாத’ன்னாருக்கா செயலாளரு. அதான் வாயத் தொறக்கல,” என்று அழுதாள் தனம்.

சந்திரம்மாள் திகைத்தாள். “அடிப்பாவி, எனக்கும் அதையேதான்டி சொன்னாரு!”

இருவரும் வீடு வீடாக ஏறிக் கேட்டார்கள். எல்லா வீட்டிலும் அதே ரகசியம்தான்.

மறுநாள் விடியலில் வங்கி கேட்டில் ஊர் மாடுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. சகாதேவனின் வண்டி வந்தது. பெண்கள் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்து நின்றார்கள். அவர் இறங்கவில்லை.

“மாட்டை அவிழுங்க! வேங்கிக்கால் பெரிய ஆபீஸ்லேருந்து அதிகாரி வர்றாரு!” சக்கரபாணி கத்தினார்.

“வரட்டும் சார். அவருகிட்டயும் பேசணும். அதுவரைக்கும் இங்கதான் கறப்போம்,” என்றாள் தனம்.

செவலை இன்னும் சகாதேவன் கொட்டகையில்தான் கத்திக்கொண்டிருந்தது. கன்று பசியில் தள்ளாடிப்போய்ச் சந்திரம்மாளின் மாட்டு மடியை முட்டியது. மாடு உதைத்தது. சந்திரம்மாள் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொள்ள, இன்னொருத்தி காலைப் பிடித்தாள். தனம் கன்றை மறுபடி மடிக்குத் தள்ளினாள். அது குடித்தது.