நடுநிலையாரின் ஒன்பதாவது அடையாளம்

1.

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? போன வாரம் கண் ஆபரேஷன்னு எழுதியிருந்த வாசகிக்கு இப்ப எழுத்து தெரியுதா? தெரியலைன்னா வீட்டுல யாரையாவது படிச்சுக் காட்டச் சொல்லுங்க. இந்தத் தடவை கொஞ்சம் நீளமாப் போகும். எனக்கு முட்டியைத் தவிர மத்ததெல்லாம் சௌக்கியம். முட்டியும் மாடிப்படியைப் பார்க்காத வரைக்கும் சௌக்கியம்தான்.

முதல்லயே உண்மையைச் சொல்லிடுறேன். இந்தக் கதை எனக்குத் தோணினது இல்ல, பதிவுத் தபால்ல வந்தது. அதுவும் எனக்கு வரல, என் தங்கச்சி மகளுக்கு வந்தது. ஒரு டி.வி. கம்பெனி அனுப்பின வக்கீல் நோட்டீஸ், ஏழு பக்கம். நாலாவது பக்கத்துல பதினொரு வரியில ஒரு பட்டியல். அந்தப் பட்டியல்தான் கதை. மீதியெல்லாம் என் ஜோடனை.

2.

ஆரம்பம் மூணு எழுதினேன். எதையும் அழிக்கல. நான் பட்ட பாடு உங்களுக்கும் தெரியட்டும்.

ஆரம்பம் ஒன்று: "உறையைப் பிரிக்கும்போது அவளுடைய விரல்கள் நடுங்கின. இத்தனை வருட உழைப்பும் ஒரே" (இல்ல. விரலெல்லாம் நடுங்கல. டீயில பிஸ்கட்டைத் தோய்ச்சுக்கிட்டே படிச்சா. பிஸ்கட் உடைஞ்சு உள்ள விழுந்ததுக்குத்தான் வருத்தப்பட்டா.)

ஆரம்பம் இரண்டு: "கருத்துச் சுதந்திரம் என்பது ஒரு சமூகத்தின்" (எனக்கே கொட்டாவி வந்துருச்சு.)

ஆரம்பம் மூன்று: "நடுநிலையார் என்று ஒருவர் இருந்தார். அப்படி ஒருவர் இருக்கவும் இல்லை." இது பரவாயில்ல. இதைப் பிடிச்சுக்கிட்டுப் போவோம்.

ஒன்பது வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நடுநிலையார் தொலைக்காட்சியில் வந்தார். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. எந்தக் கட்சியிலும் சேராதவர். எல்லாக் கட்சிக்காரர்களிடமும் "அப்படியும் சொல்லலாம்" என்று தலையாட்டுபவர். திறந்த பதினாறாம் நாள் ஒரு பாலம் விழுந்தது. பேட்டிக்கு வந்த மந்திரி, "விழலீங்க, கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றார். நடுநிலையார், "அப்படியும் சொல்லலாம்" என்றார். பிறகு வழக்கம்போலத் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மந்திரியிடமே நீட்டினார். "கொஞ்சம் துடைச்சுக் குடுங்க. உங்களைச் சரியாப் பார்த்துட்டு அடுத்த கேள்வியைக் கேக்குறேன்." மந்திரி துடைத்துக் கொடுத்தார். அது நேரடி ஒளிபரப்பு.

அந்த மீசைக்குப் பின்னாடி இருந்தது என் தங்கச்சி மகள். முப்பத்தாறு வயசுப் பொண்ணு. பாலம் கட்டின கம்பெனிதான் அந்த டி.வி.க்குப் பெரிய விளம்பரக்காரங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அடுத்த வார நிகழ்ச்சியை வெட்டினாங்க. இவ வேலையை விட்டுட்டு, மூணு சிநேகிதங்களோட ஒரு தையல் கடை மாடியில அறை எடுத்து, இணையத்துல நடுநிலையாரைத் திரும்பக் கொண்டுவந்தா. (சத்தம் வராம இருக்க சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்காங்க. அப்படியும் கீழே தையல் மெஷின் சாப்பாட்டுக்கு நிக்கிற ஒரு மணி நேரத்துலதான் பதிவு பண்ண முடியும்.)

நோட்டீஸ் வந்துருச்சு. நடுநிலையார்ங்கிற பேர், தோற்றம், பதினொரு அடையாளம், எல்லாம் கம்பெனி டிரேட்மார்க்காம். முப்பது நாளுக்குள்ள எல்லாத்தையும் எடுக்கணும், இல்லைன்னா கோர்ட்டாம். அடுத்த மாசம் தேர்தல். நடுநிலையார் வாயைத் திறக்க வேண்டியதே இப்பதான்.

வாயைத் திறக்கிறாரு, அதான் கொடுமை. டி.வி.யில வேற ஆளுக்கு மீசை ஒட்டி உட்கார வச்சிருக்காங்க. இந்த நடுநிலையார் மந்திரியோட கண்ணாடியை வாங்கித் துடைச்சு அவர் மூக்குல மாட்டிவிடுறாரு.

3.

இப்ப ஒரு பாத்திரத்தைப் பத்தி எனக்கு இருக்கிற சந்தேகத்தைச் சொல்லணும். அந்தப் பாத்திரம் என் வீட்டுக்காரர்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி முட்டை அட்டை அறையில நடந்ததை அப்படியே போடுறேன். வக்கீல் பொண்ணு, மகளோட காலேஜ் சிநேகிதி, பட்டியல்ல விரலை வச்சுக்கிட்டுக் கேட்டா.

"பேர் போயிடுச்சு, அதை விடு. இந்தப் பதினொண்ணும் அவங்க ஆபீஸ்ல பிறக்கலைன்னு காட்டணும். முக்கியமா ஒன்பதாவது. கண்ணாடி நீட்டுற கைதான் அவங்க சின்னமே. யாரைப் பார்த்துச் செஞ்சே?"

"எங்க பெரியப்பாவை."

"இருக்காரா?"

"கீழ ஸ்கூட்டர்கிட்ட நிக்குறாரு."

"அப்புறம் என்ன, கூப்பிடு. 'இதெல்லாம் என் பழக்கம், ரொம்ப வருஷமா'ன்னு பிரமாணப் பத்திரத்துல கையெழுத்துப் போடட்டும்."

மகள் என்னைப் பார்த்தா, நான் எந்திரிச்சுக் கதவைச் சாத்தினேன்.

"என்ன பெரியம்மாவும் பொண்ணும் முழிக்கிறீங்க?"

"அவருக்குத் தெரியாதும்மா," என்றேன் நான்.

என் வீட்டுக்காரர் எடை அளவு ஆய்வாளரா இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திநாலு வருஷம் கடை கடையாப் போய்த் தராசைச் சோதிச்சு முத்திரை குத்தினவர். எந்தச் சண்டையிலயும் எந்தப் பக்கமும் சாய மாட்டாரு. ஞாயித்துக்கிழமை நடுநிலையார் வந்தா கண்ணுல தண்ணி வரச் சிரிப்பாரு. உடனே என் அண்ணனுக்குப் போன். "மச்சான், டி.வி.யைப் போடுங்க, நீங்க வந்திருக்கீங்க." என் அண்ணன் எனக்குத் தனியாப் போன் பண்ணுவாரு. "உன் வீட்டுக்காரர் என்னைக்காவது கண்ணாடியில முகம் பார்ப்பாரா மாட்டாரா?"

குடும்பமே ஒன்பது வருஷமா மூடி வச்சதை நான் எப்படித் திறக்கிறது?

4.

(இந்த எண்ல முதல்ல வேற கதை இருந்துச்சு. அதுல நடுநிலையாரோட அசல் ஆள் ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர், பக்கத்து வீடு. அவர் மனைவி எனக்குச் சிநேகிதி. அந்த அம்மா புருஷன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிக்கிறாங்க. நான் எழுதுறது எல்லாத்தையும் முதல்ல பென்சிலோட படிக்கிறவர் என் வீட்டுக்காரர்தான். கதையா படிச்சா உறைக்கும், உறைச்சாலும் பேங்க் மேனேஜருக்குத்தானே உறைக்கும்னு ஒரு கணக்கு. அந்தப் பதினாலு பக்கத்தையும் இங்கேருந்து எடுத்துட்டேன். ஏன்னு அடுத்ததுல தெரியும்.)

5.

இதைக் கதை மாதிரியே எழுதிடுறேன். அப்பதான் எனக்குத் தைரியம் வரும்.

காலை பதினொரு மணிக்கு அவர் பென்சிலைச் சீவிக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் சமையலறையில் ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள். முதல் மூன்று பக்கங்களுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டது. நாலாவது பக்கத்தில் நின்றது. பதினாலாவது பக்கம் வரை பென்சில் சத்தம்கூட இல்லை. பிறகு கூப்பிட்டார்.

"இந்த பேங்க் மேனேஜர் சரியா வரலையே."

"ஏங்க?"

"பேசும்போது ரெண்டு அடி பின்னாடி நகர்ந்து நிக்குறாருன்னு எழுதியிருக்கே. மூச்சுக் காத்துல தராசுத் தட்டு ஆடக்கூடாதுன்னு நிக்கிற நிலை அது. எங்க டிபார்ட்மென்ட் பழக்கம். பேங்க்காரனுக்கு ஏது?"

அவள் ஈரக் கையோடு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அந்த ஆளுக்கு விஷயமே தெரியாதுன்னு வேற எழுதியிருக்கே."

"ஆமா."

"ரெண்டாவது வாரமே தெரியும்."

"அப்ப எங்க அண்ணனை ஒன்பது வருஷமா..."

"மச்சானுக்கும் பொழுது போகணும்ல."

"உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

"மொதல்ல இருந்துச்சு. அப்புறம் பார்த்தா மந்திரியெல்லாம் பயப்படுறான். முப்பத்திநாலு வருஷத்துல என்னைப் பார்த்து ஒரு மளிகைக் கடைக்காரன் பயந்ததில்ல. சரி, பட்டியலைக் கொண்டா."

ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்து டிக் போட்டுக்கொண்டே வந்தார். "அப்படியும் சொல்லலாம்" என்பதற்கு டிக். பையில் இரண்டு பேனாவுக்கு டிக். ஒன்பதாவது வரியில் நின்றார். அதற்கு மட்டும் குறுக்கே கோடு போட்டார்.

"இது என்னோடது இல்ல."

"என்ன பேசுறீங்க? தினமும் கண்ணாடியை என்கிட்டதானே நீட்டுறீங்க?"

"நீட்டுறேன். எப்பலேருந்து? டி.வி.யில பார்த்தேன், நல்லா இருந்துச்சு. ஒரு நாள் உன்கிட்ட நீட்டிப் பார்த்தேன். நீயும் ஒண்ணும் சொல்லாம துடைச்சுக் குடுத்தே. அதுக்கு முன்னாடியெல்லாம் சட்டை நுனிதான்."

"ஒரு வரிதானே. மத்த பத்தும் உங்களோடதுதானே?"

"சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடுற காகிதத்துல அஞ்சு கிராம் கூட வைக்க மாட்டேன்."

6.

தங்கச்சி மகளும் பொய் சொல்லல, இவரும் பொய் சொல்லல. உடனே மகளுக்குப் போன் போட்டேன்.

"கண்ணாடி விஷயம் பெரியப்பாவோடது இல்லையாம்டி."

"இல்ல பெரியம்மா, நான் பார்த்திருக்கேன். எட்டாவது லீவுல உங்க வீட்டுல இருந்தப்போ. நீங்க ஏதோ கேட்டீங்க. பெரியப்பா உடனே பதில் சொல்லல. கண்ணாடியைக் கழட்டிக் குடுத்து, துடைச்சுக் குடு, உன்னைச் சரியாப் பார்த்துட்டுச் சொல்றேன்னாரு. கக்கத்துல பச்சைக் கொடி."

"என்ன கொடி?"

"பச்சைக் கொடி பெரியம்மா. பின்னாடி ரயில் நிக்குது."



"உங்க பெரியப்பா என்னைக்குடி ரயிலுக்குக் கொடி காட்டினாரு?"

"அப்ப... பெரியம்மா, அது நீங்க என்கிட்டத் தபால்ல போடச் சொல்லிக் குடுத்த கதையா?"

அதுதான். ஒட்டுறதுக்கு முன்னாடி உறையிலேருந்து எடுத்துப் படிச்சிருக்கு, திருட்டுக் கழுதை.

இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. வெளியூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல எனக்கு வேலை கிடைச்சிருந்துச்சு. போகட்டுமான்னு இவர்கிட்டக் கேட்டேன். பேப்பரைத் தாழ்த்தாமலே, "அப்படியும் செய்யலாம்"னாரு. அவ்வளவுதான். நான் போகல. அன்னைக்கு உட்கார்ந்து, பொண்டாட்டி ஒண்ணு கேட்டா அவளைத் தெளிவாப் பார்த்துட்டுப் பதில் சொல்ற ஒரு ஸ்டேஷன் மாஸ்டரை எழுதினேன். இவருக்குக் காட்டாம நான் அனுப்பின ஒரே கதை அது. அச்சுல வந்த பிரதியையும் இவர் கண்ணுல படக்கூடாதுன்னு யாருக்கோ குடுத்துட்டேன்.

ஆக, நான் எழுதினதை அவ படிச்சா, அவ நடிச்சதை இவர் பார்த்தாரு, இவர் பார்த்ததை என்கிட்ட நீட்டினாரு. ஒன்பது வருஷமா என் கதையை நானே துடைச்சுக்கிட்டிருந்திருக்கேன்.

வக்கீல் பொண்ணு போன்லயே கை தட்டினா. "அம்மா, நிகழ்ச்சி வர்றதுக்குப் பதிமூணு வருஷம் முன்னாடி அச்சுல இருக்கா? தேதியோட அந்த இதழைக் கொண்டாங்க. ஒன்பதாவது எங்க சொத்துன்னு அவங்களால நிக்க முடியாது."

இவர்கிட்டயும் சொன்னேன். சொல்லாம எப்படி?

"என்ன உத்தியோகம் அவனுக்கு?"

"ஸ்டேஷன் மாஸ்டர்."

"நல்லவனா?"

"ரொம்ப."

"அப்ப அவனையே சாட்சிக்குக் கூப்பிடு."

செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டாரு. அன்னைக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியில துடைச்சுக்கிட்டாரு. நேத்தும் அப்படித்தான்.

7.

முடிவு அ: இதழ் கிடைக்கிறது. கம்பெனி பின்வாங்குகிறது. தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு, வேறு பெயரில், அதே மீசையோடு ஒரு கிழவர் மந்திரியிடம் கண்ணாடியை (நல்லா இருக்கு. ஆனா இதழ் கிடைக்கலையே.)

முடிவு ஆ: இதழ் கிடைக்கவில்லை. தையல் கடை மாடியில் முட்டை அட்டைகளைப் பிரித்து (இதை எழுத மாட்டேன்.)

முடிவு இ: அவர் அந்தக் குறுக்குக் கோட்டை அழித்துவிட்டு ஒன்பதாவதுக்கும் டிக் போடுகிறார். (அப்படிச் செஞ்சா அது அவர் இல்ல. அந்தக் கதையும் வேற யாரோ எழுதினதா இருக்கும்.)

ஆக, முடிவு என்கிட்ட இல்ல. உங்க வீட்டுப் பரண்ல இருக்கலாம். நீல அட்டை போட்ட மாத இதழ், கடைசிப் பக்கத்துல குறுக்கெழுத்து இருக்கும், நின்னுபோய்ப் பல வருஷம் ஆச்சு. கதை பேர் "எட்டாம் நம்பர் வண்டி". 'பக்கத்து வீட்டுக்காரி'ங்கிற பேர்ல எழுதினேன். மாசம் ஞாபகம் இல்ல, மழைக் காலம். கெடு முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு. கிடைச்சா வக்கீல் பொண்ணு விலாசத்துக்கு அனுப்புங்க, கீழே குடுத்திருக்கேன்.

இதழ் இல்லாதவங்களும் சும்மா இருக்காதீங்க. உங்க வீட்டுல யாராவது எதையாவது படிச்சோ பார்த்தோ தன் பழக்கமா ஆக்கிக்கிட்டாங்களா? எது யாருக்குச் சொந்தம்னு எப்படித் தீர்த்துக்கிட்டீங்க? எழுதுங்க.

ஒண்ணே ஒண்ணு. இதையும் இன்னைக்குக் காலையில இவர் பென்சிலோட படிச்சாரு. ஒரு எழுத்துகூடத் திருத்தல. வக்கீல் விலாசத்துக்குக் கீழே மட்டும் தன் கையால எங்க வீட்டு விலாசத்தையும் ஒரு வரியையும் சேர்த்திருக்காரு: "இதழ் கிடைப்பவர்கள் முதலில் எனக்கு அனுப்பவும். படித்துவிட்டு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்."

அடிச்சுடலாமான்னு பார்த்தேன். அடிக்கல. எந்த விலாசத்துக்குன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.