தினமும் பார்க்கிற முகம்

கடைசி இழுப்பறையையும் தரையில் கவிழ்த்துக் கொட்டினாள் தங்கை. பழைய சார்ஜர், உடைந்த பொத்தான்கள், மருந்துச் சீட்டுகள். அக்காவின் படம் ஒன்றுகூட இல்லை. கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் இருந்த மேசைக்கு ஒரு படம் வேண்டும். வண்டி வருவதற்குள் கொடுத்தால் பெரிதாக்கித் தருவதாக ஸ்டூடியோக்காரர் சொல்லியிருந்தார்.

அக்காவின் கணவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கேமராவின் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"கிடைச்சுதா அத்தான்?"

"இருக்கணும். போன மாசம்கூட எடுத்தேனே."

அவள் எட்டிப் பார்த்தாள். சீருடையில் மகள். ஐஸ்கிரீமோடு மகள். புது பைக். பைக்கோடு அவர். பைக்கின் பின்பக்கம், அதன் விளக்கு, மறுபடியும் அவர்.

"அக்கா எங்க?"

"கார்டுல இடமில்லன்னா எதையாவது அழிக்கணும்ல. இவ தினமும் பாக்கற முகம்தானேன்னு அழிச்சிடுவேன். அவளும் சரின்னுதான் சொன்னா."

"அவ எதுக்குத்தான் சரின்னு சொல்லல?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேமரா வாங்கிய அன்று அவளும் கூடப் போயிருந்தாள். அக்கா கையில் எடுத்தது ரோல் கேமராவைத்தான். இந்த மனிதர் விடவில்லை. ரோல் வாங்கு, கழுவு, பிரிண்ட் போடு என்று யார் அலைவது, டிஜிட்டலில் பிடிக்காததை அழித்துக்கொள்ளலாம் என்றார். கடையில் இருந்ததிலேயே மலிவான டிஜிட்டலை எடுத்தார். கார்டு அதைவிட மலிவு.

"ரோல்னா எடுத்தத எல்லாம் கழுவித்தானே ஆகணும்," என்றாள் அக்கா. "ஏதாவது ஒண்ணுல நானும் இருந்துட்டுப் போவேன்."

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று கடைக்காரர் சிரித்தார். இவர் காதில் வாங்கவே இல்லை.

"கல்யாண ஆல்பம் இருக்கேம்மா," என்றார் இப்போது.

"அதுல இருக்கறது உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி இருந்த பொண்ணு. மெஷின்ல குனிஞ்சு தைச்சு, நரைச்சு, கண்ணாடி போட்டாளே, அந்த அக்கா வேணும் எனக்கு."

அவர் எழுந்து கூடத்துக்குப் போனார். அக்காவின் காலடியில் நின்று கேமராவை நீட்டினார். அது பீப் என்று கத்தியது. இடமில்லை.

"எத அழிக்கட்டும்?" என்று பின்னால் வந்த தங்கையிடமே கேட்டார்.

கேமராவை வெடுக்கென்று பிடுங்கினாள். பைக்கை அழித்தாள். அதன் விளக்கை அழித்தாள். பிறகு அவரை. ஒவ்வொரு முறையும் அழிக்கவா என்று கேட்டது, ஒவ்வொரு முறையும் அழுத்தினாள். துக்கத்துக்கு வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும்.

"அது வேணாம்மா. அது ஒண்ணுலதான் நான் நல்லா இருக்கேன்."

"உங்க முகத்தத்தான் தினமும் கண்ணாடியில பாக்கறீங்களே."

அழித்துவிட்டுக் கேமராவை அவர் கையில் திணித்தாள்.

"இப்ப எடுங்க."

எடுத்தார். வழக்கம்போல உடனே திரையைப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

"கண்ண மூடிட்டா," என்றார். "இன்னொண்ணு எடுத்துடறேன்."

கேமராவை மறுபடியும் நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.