சூடு ஆறாத விமானம்

1991ஆம் ஆண்டு ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விருத்தாசலம் மணிமுத்தாற்று மணலிலிருந்து மேலே போன வேம்புவின் பீங்கான் விமானம் மறு மாசி வரைக்கும் கீழே இறங்கவில்லை. எண்ணெய் அன்றைக்கே தீர்ந்து எஞ்சின் நின்றுபோனது. அதற்குப் பிறகும் அது ஆற்றுக்கு மேலே இடது பக்கமாக வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. அந்த மாதம் கத்தரிக்காய் விலை ஏறியதைப் பற்றிப் பேசிய அளவுக்கு ஊர் இதைப் பற்றியும் பேசியது. அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். வேம்பு மட்டும் போகவில்லை.

வேம்பு தொழிற்பேட்டையில் ஒரு செராமிக் கம்பெனியில் பொம்மை வார்ப்பவள். அவள் கணவன் வெற்றிவேல் அதே கம்பெனியில் சூளை பார்ப்பவன். சிங்கப்பூரில் இருந்த வெற்றிவேலின் தம்பி விமல்ராஜ், ரிமோட்டில் பறக்கும் விமானம் ஒன்றை அண்ணனுக்கு அனுப்பி வைத்தான். அதன் மூக்கில் சுற்றிய விசிறியைப் பார்த்ததுமே வெற்றிவேல் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். வேம்பு வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான், விமானம் அவளுடையதாகிவிட்டது.

அவள் அதை விட்ட அழகை ஊரே பார்த்தது. விசிறி சுற்றும்போது விரலைக் கிட்டே கொண்டுபோக மாட்டாள். பறக்கவிடும் முன் சிக்னல் எட்டுகிறதா என்று பார்க்க, ஏரியலை மடக்கி வைத்த ரிமோட்டோடு தூரமாக நடந்துபோய் நின்றுகொண்டு, வால் அசைகிறதா என்று வெற்றிவேலைக் கத்திக் கேட்பாள். இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கி, மூக்குப் பக்கம் சாய்கிறதா வால் பக்கம் சாய்கிறதா என்று பார்ப்பாள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆள் தலைக்கு மேலே விடவே மாட்டாள். அதற்காகத்தான் ஆற்று மணலுக்குப் போனாள். வருடம் முழுக்க ஆளில்லாமல் கிடக்கும் இடம் அது. மாசி மகம் ஒரு நாள்தான் கணக்கில் வராதது.

ஆடிக் காற்றில் விமானம் ஒரு பனைமரத்தில் மோதி இறக்கை நொறுங்கியது. வேம்பு அசரவில்லை. தெரிந்த தொழில் கையில் இருக்கும்போது அழுவானேன்? பிளாஸ்டரில் அச்சு எடுத்தாள். சூளையில் வெந்தால் மண் சுருங்கும் என்பதால் கொஞ்சம் பெரிதாகவே எடுத்தாள். வெள்ளைக் களிமண்ணைக் கூழாகக் கரைத்து ஊற்றி, முட்டை ஓடு கனத்துக்கு இரண்டு இறக்கைகள் வார்த்தாள். பழைய இறக்கை எடைக்கே வந்தன. பொம்மைகளோடு அவையும் சூளைக்குள் போயின. தப்பு நடந்தது அங்கேதான்.

தீயை நிறுத்திய சூளையின் வாயை அடைத்தால் இரண்டு நாளைக்கு யாரும் திறக்கக்கூடாது. ஓட்டை வழியாக எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது. பார்த்தால் சாமான் ஆறாது என்பது இங்கே எல்லாச் சூளைக்கும் உள்ள வழக்கம். சனிக்கிழமை சாயங்காலம் வேம்பு சூளை வாசலில் வந்து நின்றாள்.

"இன்னும் ஆறல வேம்பு. ரெண்டு நாள் கெடக்கட்டும்" என்றான் வெற்றிவேல்.

"நாளைக்கு வுட்டா அடுத்த ஞாயித்துக்கெழமைதான். கோணியப் போட்டு எடுங்க."

எடுத்தான். பெண்டாட்டி சொல்லி அவன் எதைத்தான் செய்யாமல் இருந்திருக்கிறான். மறுநாள் எல்லாச் சோதனையும் முறையாகச் செய்தாள். இறக்கையைச் சுண்டிப் பார்த்தபோது கணீரென்று கேட்காமல் மந்தமாகக் கேட்டது. விரலிலும் சுட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டாள். விமானம் போனது, போனதுதான். சூடாக இருக்கும் சாமான் யார் கைக்கும் அடங்காது. ரிமோட்டுக்கும் அது அடங்கவில்லை.

ஐப்பசி மழை இறக்கை மேல் பட்டு ஆவியாகப் போனது. மார்கழியில் பருந்துகள் அதன் மேல் உட்கார்ந்து குளிர் காய்ந்தன. வேம்பு தினமும் ரிமோட்டுக்குச் சார்ஜ் போட்டு ஆற்றங்கரைக்குப் போய் நின்றாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாசி மகத்துக்கு அந்த மணல் முழுக்க ஜனம் நிற்கும் என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது. ஆள் தலைக்கு மேலே விடாதவள் என்று பெயர் எடுத்தவளின் விமானம், ஊரில் உள்ள அத்தனை தலைக்கும் மேலே பறக்கப்போகிறது.

மகத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, பந்தோபஸ்துக்கு வந்த இன்ஸ்பெக்டர் கோவிந்தசாமி அவளைத் தேடி வந்தார். நல்ல மனுஷர். குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"யார் தலையிலயாவது வுழுந்தா நான் பதில் சொல்லணும்மா. நாளைக்கிச் சுட்டு எறக்கிடலாம்னு இருக்கேன்."

"சுட்டா வாணலிச் சூட்டோட துண்டு துண்டா செதறும் சார். எந்தத் துண்டு எந்தத் தெருவுல வுழும்னு யாரு கண்டா? மகத்தன்னிக்கிக் காலையில வரைக்கும் குடுங்க, முழுசா எறக்குறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்கே தெரியாது. அன்று மத்தியானம் கம்பெனியில், அடைத்த சூளைக்குள் எட்டிப் பார்த்த புது ஆள் ஒருவனை வெற்றிவேல் விரட்டிக்கொண்டிருந்தான். "எட்டிப் பாக்காதய்யா. பாத்துக்கினே இருந்தா எப்பிடி ஆறும்?" வேம்பு கையிலிருந்த அச்சைக் கீழே வைத்தாள். ஆவணியிலிருந்து இந்த ஊர் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறதே, அது எப்படி ஆறும்?

வேம்பு போய்ச் சொன்னதை இன்ஸ்பெக்டர் முழுதாகக் கேட்டுவிட்டு, அன்று சாயங்காலமே ஆட்டோவில் மைக் கட்டி அனுப்பினார். மகம் முடியும் வரை யாரும் மேலே பார்க்கக்கூடாது. ஊருக்குச் சூளை வழக்கத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. மாடியில் துணி காயப்போட்டவர்கள் கொடியைக் கையால் தடவிக் கண்டுபிடித்தார்கள். திட்டக்குடி, பெண்ணாடம், வேப்பூர் பஸ்களில் வந்தவர்களிடம் கண்டக்டர்களே சொல்லி இறக்கினார்கள். கோபுரத்தைக்கூட ஜனங்கள் குனிந்தபடியே கும்பிட்டார்கள். சாமிக்கும் அது புரிந்திருக்கும்.

மகத்தன்று காலை, மணலில் ஒரு நீளத்துக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஆளை விலக்கி வைத்திருந்தார்கள். வேம்பு ரிமோட்டோடு அதன் முனையில் குனிந்து நின்றாள். அவளும்தான் பார்க்கக்கூடாதே. கூட்டத்தின் மேலே விமானத்தின் நிழல் மட்டும் சுற்றி வந்துகொண்டிருந்தது. மேலே காற்று இறக்கையில் பட்டு, நன்றாக வெந்து ஆறிய கிண்ணத்தைச் சுண்டினதுபோல் கணீரென்று கேட்டது. வேம்பு ஏரியலை முழுக்க இழுத்தாள். ரிமோட்டின் குச்சியை மெல்ல வலது பக்கம் தள்ளினாள். ஆறு மாதம் இடது பக்கமே சுற்றிய நிழல் வலது பக்கம் திரும்பியது.

நிழலை மட்டும் பார்த்து அதைக் கயிற்றுப் பக்கம் கொண்டுவந்தாள். கூட்டம் நிழலுக்கு ஒதுங்கி வழிவிட்டது. ஒதுங்கினவர்களில் ஒருவர்கூட நிமிரவில்லை. நிழல் கயிற்றுக்குள் வந்தது. மங்கலாக இருந்தது கறுத்தது, அதன் ஓரங்கள் தெளிந்தன. மணலில் நிழல் ஓடிக்கொண்டிருக்கும்போதே விமானம் அதன் மேலே வந்து உட்கார்ந்து, கொஞ்சம் உருண்டு, வேம்புவின் காலடியில் நின்றது. அவள் இறக்கையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. அத்தனை ஜனத்துக்கு நடுவில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

பக்கத்தில் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடித் தலை குனிந்து நின்றிருந்தார்.

"எறங்கிடுச்சாம்மா? மேல பாக்கலாமா?"

"மேல ஒண்ணும் இல்ல சார்" என்றாள் வேம்பு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கீழ பாருங்க."

அவர் பார்த்தார். பிறகு கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். ஜனங்கள் குளிக்க இறங்கினார்கள்.