கத்தரி விழுந்த இடங்கள்

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் நடந்த சண்டைகளில் பாதிக்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். அவள் நடிகை, அவர் எடிட்டர். அவள் உயிரைக் கொடுத்து நடித்த இடத்திலெல்லாம் மனிதர் வேறு யாருடைய முகத்தையாவது கொண்டுவந்து ஒட்டிவிடுவார். ஒரு படத்தில் அவள் உருகி உருகிப் பேசுகிறாள், பாதியில் கதாநாயகன் வந்து தலையாட்டுகிறான். இன்னொன்றில் கதாநாயகன்கூட இல்லை, மேஜை மேல் ஒரு டம்ளர்!

"என் மூஞ்சியை விட அந்த டம்ளர் நல்லா நடிச்சுதா?" என்று படம் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே கேட்டாள்.

"கதைக்குத் தேவைப்பட்டுது" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. சரியான கல்லுளிமங்கன். ஸ்டுடியோவில் அவருக்குக் 'கத்தரி' என்று பெயர். பத்திரிகைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'கண்ணழகி'. கத்தரியும் கண்ணழகியும் சண்டை போட்டுக்கொண்டே குடித்தனம் நடத்தினார்கள், நன்றாகவே நடத்தினார்கள்.

இரண்டு வருஷமாக அவர் வேலைக்குப் போவதில்லை. வலது கண் ஆபரேஷனில் போய்விட்டது. இடது கண்ணில் ஒரே மூட்டம், எதிரே நிற்பது ஆள் என்று தெரியும், முகம் தெரியாது. அதற்கு வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன். பார்வை திரும்புவதற்குப் 'பாதிக்குப் பாதி' வாய்ப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் இப்போது நடிக்கும் படத்தை வேறொரு இளம்பெண் எடிட் செய்கிறாள்.

செவ்வாய்க்கிழமை டப்பிங். ஒரு தாய் தூரதேசம் போகிற மகனை வழியனுப்பும் காட்சி. திரையில் அவள் முகம் பெரிதாக நிற்கிறது. "நீ தாராளமாப் போயிட்டு வாப்பா. எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல." சொல்லி முடிப்பதற்குள் கண் இரண்டு தரம் படபடவென்று இமைத்தது. அவள் அதை நாலு முறை ஓட்டிப் பார்க்கச் சொன்னாள்.

"கண்ணுல தூசி விழுந்திருக்குமோ?"

"எல்லா டேக்லயும் இருக்கு மேடம்" என்றாள் அந்த எடிட்டர் பெண் தயங்கித் தயங்கி. "பையன் முகத்தைத் தனியா எடுக்கல. எடுத்திருந்தா அந்த இடத்துல போட்டு மறைச்சிருப்பேன். சார் உங்க படத்துல எல்லாம் செய்வாரே, அது மாதிரி. அதைப் பார்த்துத்தானே நான் தொழிலே கத்துக்கிட்டேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாளே அந்தக் காட்சியைத் திரும்ப எடுத்தாக வேண்டும் என்று இயக்குநரிடம் ஒற்றைக் காலில் நின்று சம்மதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அவர் ஜன்னலோரம் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் எதிரே நின்றாள்.

"ஏங்க, நான் வசனம் பேசுறப்ப கண்ணை இமைக்கிறேனா?"

அவர் ரேடியோவை அணைத்தார். "யார் சொன்னா?"

"அப்ப நிஜந்தான்!"

"எல்லா வசனத்துக்கும் இல்லம்மா. மனசு ஒட்டாத வசனத்துக்கு மட்டும். ஒரு படத்துல மூணு இடம், மிஞ்சிப் போனா நாலு இடம். மத்ததெல்லாம் நீதான்."

"அந்த டம்ளர்?"

"அந்த டம்ளருந்தான்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "பெரிய நடிகைன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேனே! ஊரு உலகம் பாத்தது என்னையா, உங்க கத்தரியையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரே வாரத்துல திருத்தியிருப்பேனே, ஏன் சொல்லல?"

"திருத்திடுவே. அதனாலதான் சொல்லல." என்றார் அவர். "வீட்டுலயும் உனக்கு அதே கண்ணுதானே? எங்கம்மா சமையல் பிரமாதம்னு சொல்றப்பல்லாம் இமைப்பே, அது கிடக்கட்டும். நான் மஞ்சக்காமாலையில படுத்திருந்தேனே, அப்ப வெளிநாட்டுல ஆறு மாசம் எடுக்கிற படம் உனக்கு வந்துது. கதை பிடிக்கல, வேணாம்னுட்டேன்னு என் பக்கத்துல வந்து உக்காந்து சொன்னே. ரெண்டு தரம் இமைச்சே."

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

"நான் சொல்லிட்டா நீ இமைக்காமப் பொய் சொல்லக் கத்துக்குவே. அப்புறம் உனக்கு என்ன கஷ்டம்னு எனக்கு யாரு சொல்லுவா? வாயைத் திறந்து நீ என்னைக்குச் சொல்லியிருக்கே?"

"சுயநலம்! பச்சை சுயநலம்!"

"அதுல என்ன சந்தேகம்?" என்று ஒத்துக்கொண்டார். "இனிமே உனக்குக் கவலையே இல்ல. எவ்வளவு பொய் வேணாலும் சொல்லு, எனக்கு எங்க தெரியப் போகுது?" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் முழுவதும் கண்ணாடி முன் நின்று அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தாள். இமைக்கக் கூடாது என்று கண்ணை உருட்டினால் கண் எரிந்ததுதான் மிச்சம். தாய் பொய் சொல்கிறாள் என்பது கொட்டகையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிய வேண்டும், மகனுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவன் எப்படிக் கிளம்புவான்?

புதன்கிழமை விளக்குகளுக்கு நடுவே நின்றபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. 'கதை பிடிக்கல' என்று சொன்ன அன்று வாய்தான் அவரிடம் பேசியது, மனசு அந்தப் படத்துக்காக அழுதுகொண்டிருந்தது. மஞ்சள் பூத்துக் கிடந்த மனிதரை மட்டும் நினைத்திருந்தால் அது பொய்யாகவே இருந்திருக்காது. இந்தத் தடவை அவள் எதிரே நின்ற மகனை மட்டும் பார்த்தாள். இவன் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டாள். இரண்டாவது டேக்கிலேயே ஓகே ஆயிற்று.

"இமைக்கவே இல்ல மேடம்!" என்று எடிட்டர் பெண் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டால் சும்மாவா? ஆனால் வீட்டுக்கு வருகிற வழியில் அந்தச் சந்தோஷம் மெல்ல மெல்ல வடிந்துவிட்டது. ஏன் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரி. நர்ஸ் சொட்டு மருந்து விட்டுப் போயிருந்தாள். பச்சைத் துணி போர்த்திக் கட்டிலில் கிடந்தார் அவர்.

"பயமா இருக்கா?" என்று அவளைக் கேட்டார். ஆபரேஷன் அவருக்கு, கேள்வி அவளுக்கு!

"எனக்கென்ன பயம்? எல்லாம் நல்லபடியா நடக்கும்."

குரல் அசையவில்லை. முப்பத்தைந்து வருஷத் தொழில் அல்லவா? அந்த மங்கிய கண் அவள் முகத்தைத் தேடியது. அங்கே, இங்கே என்று தேடிவிட்டு, ஒன்றும் அகப்படாமல் மேலே கூரையைப் பார்க்கத் திரும்பியது.

அவளுக்குத் தாங்கவில்லை. அவருடைய கையை எடுத்தாள். கத்தரி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன அந்த ஆள்காட்டி விரலைத் தன் இமைமேல் வைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பயமே இல்லைங்க" என்றாள் மறுபடியும்.

விரலுக்கு அடியில் இமை இரண்டு தரம் துடித்தது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை, தானாகத்தான் துடித்தது.

அவர் முகம் மலர்ந்தது. "வெட்டிடட்டுமா?" என்றார்.

"வேணாம்" என்றாள் அவள், விரலை விடாமல். "இருக்கட்டும்."