முன் சக்கரத்து நடுக்கம்

பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் நடுங்கியது. காலை எடுத்தால் நின்றது. முருகையனுக்குப் புரியாதது இதுதான்: சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம்மை மூன்றாம் தடவையாக லேத்தில் கடைந்து இருபது நாள்கூட ஆகவில்லை.

அவனுடைய வாடகைக் காரின் பின்சீட்டில் அப்பா ரெத்தினம் கிடந்தார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணி சுற்றிக் கொடுத்திருந்தார்கள். தலையை மடியில் வைத்திருந்த அம்மா கண்ணாத்தாள், ஒவ்வொரு பிரேக்குக்கும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாடா. தலை ஆடுது."

"மெதுவாத்தாம்மா போறேன்."

காலையிலும் மெதுவாகத்தான் போனான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்பா பின்னால் சாய்ந்திருக்க, நடுக்கத்துக்குப் பயந்து இருபது மைலும் உருட்டிக்கொண்டே போனான். "அரை மணி முன்னால வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

"மூணு தடவை பிரிச்சியே மாப்ள, என்னத்தப் பாத்த?" முன்சீட்டில் இருந்த அக்கா புருஷன் இராஜாங்கம் கேட்டார். "மிராசு வித்த வண்டி. உச்சவரம்புச் சட்டம் வந்ததும் நிலத்த ஒளிச்சாரு, கார நம்ம தலையில கட்டிட்டாரு."

முருகையனுக்குப் பார்த்ததெல்லாம் மனப்பாடம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ லேசாக உரசும்வரை டைட் வைத்து, கையால் சுற்றினான். டிரம் சரியான வட்டமாக இருந்தால் சுற்று முழுக்க ஒரே சீராக உரசும். இது ஒரு பக்கம் சர்ரென்றது. அடுத்த பக்கம் சத்தமே இல்லை. வட்டம் கோணி முட்டை வடிவாகிவிட்டது. ஒடுங்கிய இடம் வரும்போதெல்லாம் ஷூவை இடிக்கும். அந்த இடிதான் ஸ்டியரிங்குக்கு ஏறுகிறது. பட்டுக்கோட்டை லேத்தில் மீரா உசேன் பாய் மூன்று முறையும் சுத்தமாகத்தான் கடைந்தார். கொஞ்ச நாள் வண்டி பட்டுப்போல நிற்கும். பிறகு டிரம் மறுபடியும் கோணும். வார்ப்பிரும்பு தானாகக் கோணாது.

புதுஆற்றின் கரையோர ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் அறுப்புக் கூலி கேட்டுச் செங்கொடி ஊர்வலம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பள்ளத்தில் வயல். முந்த முடியாது. பின்னால் ஒரு நெல் லாரி வந்து ஒட்டிக்கொண்டதால் திருப்பவும் முடியாது. ஊர்வலத்தில் கடைசியாக நடந்துகொண்டிருந்த சங்கத்துக்காரர் சிங்காரவேலு ஜன்னலில் குனிந்தார்.

"யாரு, ரெத்தினம் அண்ணனா?"

கையிலிருந்த கொடியைச் சுருட்டினார். கோஷம் பின்னாலிருந்து முன்னாலாக ஒவ்வொரு வரிசையாய் அடங்கியது. ஆட்கள் சரிவில் இறங்கி நின்றார்கள்.

அதன் பிறகு முருகையன் மெதுவாக ஓட்டவில்லை; காலையில் போகாத வேகத்தில் போனான். ரோட்டில் போட்டிருந்த கதிர்க்கட்டு, மாடு, வண்டி எல்லாவற்றுக்கும் பிரேக்கை ஓங்கி மிதித்தான். அம்மா அப்பாவின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

வாசலில் அப்பாவை இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள். அழுகை எழுந்தது. அக்கா அம்சம் அழுதுகொண்டே குடத்தோடு வந்தாள். பிணம் இறங்கிய வண்டியை உடனே கழுவ வேண்டும்; இல்லாவிட்டால் மேலத்தெருவில் ஒருவரும் சவாரிக்கு ஏற மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து யார் உடலைக் கொண்டுவந்தாலும் இதுவரை முருகையன்தான் கழுவினான். அந்தச் சுத்தத்துக்குப் பேர் வாங்கியவன்.

முதல் குடம் கதவில் விழுந்தது. இரண்டாவது, இடது முன் சக்கரத்தில். உஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

முருகையன் குனிந்து பார்த்தான். வீலின் ஒரு பாதி நனைந்திருந்தது. மறுபாதியில் விழுந்த துளிகள் குதித்துக் காய்ந்தன. உள்ளே டிரம்மிலும் நனைந்த பாதி சட்டென்று சுருங்கும். காய்ந்த பாதி பிரேக் சூட்டில் விரிந்தபடியே இருக்கும்; வட்டம் கோணிவிடும்.

முதல் தடவை கடைந்த பிறகு பஞ்சநதத்தின் தாயாரைக் கொண்டுவந்தான். அடுத்த தடவைக்குப் பிறகு தங்கமணி வாத்தியார். போன வாரம் கீழத்தெரு நீலாம்பாள். மூன்று தடவையும் வண்டி வந்து நின்ற கையோடு, சூடு ஆறுமுன் அவனே குடம் குடமாக ஊற்றினான்.

அம்சம் மூன்றாவது குடத்தைத் தூக்கினாள். அவன் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டான்.

"ஊத்தாதக்கா."

"தீட்டுடா, கிறுக்கா. விடு."

"ஊத்தாத."

உள்ளேயிருந்து அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் கேட்டார்கள். அம்சம் அந்தக் குடத்தையே எடுத்துக்கொண்டு போனாள்.

இராஜாங்கம் பக்கத்தில் வந்து குந்தினார். "என்ன மாப்ள, தெரிஞ்சிடுச்சா?"

முருகையன் வீலில் உள்ளங்கையை வைத்தான். சுட்டது. எடுக்கவில்லை.

"மறுபடி கடையணும் மச்சான். ரெண்டு முன் டிரம்மும். அப்புறம், வண்டி வந்து நின்னா ஒரு மணி நேரம் அப்படியே விட்டுடணும். கைய வச்சா சுடக் கூடாது. அதுக்கப்புறம் கழுவலாம்."