மூன்றாவது ஓலை

தாம்பரத்து சர்ச்சில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று அறிவிக்கும் கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் அங்கேயே எழுந்து சொல்லலாம். ஒருவரும் சொன்னதில்லை. கல்யாணச் சாப்பாட்டில் யார் மண்ணைப் போட்டுக்கொள்வார்கள்?

1968இல் யூனிஸுக்கும் ஊரப்பாக்கம் ஏசுதாசனுக்கும் இரண்டு தடவை வாசித்தாயிற்று. ஏசுதாசன் சொந்த வீட்டுக்காரர், மனைவியை இழந்தவர். நிச்சயத்தன்று காபி தளும்பியதற்கு, சிரித்த முகம் மாறாமல் யூனிஸின் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினார். அம்மா ரத்தினபாய் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கேக் தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

"ஆம்பளைன்னா கொஞ்சம் கோபம் இருக்கத்தான் செய்யும்," என்றாள் பிறகு.

அன்றிலிருந்து யூனிஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபீசில் டைப் அடித்ததெல்லாம் தப்பு. மின்சார ரயிலில் இடம் இருந்தும் உட்காராமல் வாசலருகே நின்றே வந்தாள்.

அவள் விரும்பியது சர்ச்சில் ஹார்மோனியம் வாசிக்கும் அசரியாவை. "நான் எழுந்து சொல்றேன், நீ கவலைப்படாதே," என்று ஸ்டேஷன் பாலத்தில் அடித்துச் சொன்னான். முதல் ஞாயிறு எழுந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அதே கதைதான். தங்கமான பையன், ஆனால் தொடைநடுங்கி. அவன்மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது, ஆசையும் விட்டபாடில்லை.

மூன்றாவது ஞாயிறு. இதுவும் போனால் புதன்கிழமை கல்யாணம். ஆண்கள் பக்கம் முன்வரிசையில் ஏசுதாசன், அதே சிரித்த முகத்தோடு. போதகர் ஓலையை வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகச் சபையைப் பார்த்தார். அசரியா ஹார்மோனியக் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

யூனிஸ் எழுந்தாள்.

"எனக்கு ஆட்சேபம் இருக்கு ஐயா."

"பொண்ணே சொல்ற வழக்கமில்லையேம்மா."

"வேற யாரும் சொல்லலையே. நிச்சயத்தன்னிக்கே என் கையைத் திருகினவர் இவர். எனக்கு வேண்டாம்."

"உட்காரு," என்று ஆண்கள் பக்கமிருந்து அப்பா தேவானந்தம் உறுமினார். ரத்தினபாய் மகளின் முந்தானையை இறுகப் பிடித்தாள். போதகர் அவசரமாகப் பாட்டு எண்ணைச் சொன்னார்.

ஹார்மோனியம் பேசவில்லை. அசரியா அதை மூடிவிட்டு, எந்த ஆணும் உட்காராத பெண்கள் பக்கம் நடந்து வந்தான். கால் நடுங்குவது எல்லாருக்கும் தெரிந்தது. அவளருகே வந்து நின்றான்.

"லேட்டு," என்றாள் யூனிஸ், திரும்பிப் பார்க்காமலே. கண் நிறைந்துவிட்டது.

ரத்தினபாய் முந்தானையை விட்டாள். பெஞ்சில் நகர்ந்து அவனுக்கும் இடம் விட்டாள்.