பி பக்கம்

பெவர்லி முப்பத்தொன்பது வருஷமாகத் திட்டித் தீர்த்த மனிதர் மேடையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வழுக்கைத் தலை, பொத்தான் மாற்றிப் போட்ட கம்பளிச் சட்டை. இந்த ஆளையா இவ்வளவு காலம் சபித்தோம் என்று அவளுக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு விடுவதாக இல்லை.

இங்கிலாந்தில் பார்ன்ஸ்லியின் பழைய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் கூத்து நடக்கும். தலை நரைத்த ஆண்கள், தாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்துக் கம்ப்யூட்டர்களைத் தூசி தட்டிக் கொண்டுவந்து விளையாடுவார்கள். பிற்பகலில் ‘மறுமதிப்பெண்’. பத்திரிகைகளில் அந்தக் காலத்தில் விளையாட்டு விமர்சனம் எழுதிய ராட்னி, கூட்டம் கேட்கிற பழைய விளையாட்டை மேடையில் ஆடிக் காட்டிப் புது மதிப்பெண் போடுவார். பாதி விளையாட்டுகள் மண்ணைக் கவ்வும். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

பெவர்லி அவருக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் போட்டிருந்தாள். ‘என் தம்பி நெவில் எழுதிய விளையாட்டுக்கு 1985-ல் நீங்கள் நூற்றுக்குப் பத்தொன்பது மார்க் போட்டீர்கள். கேசட்டின் மறுபக்கத்தைத் திருப்பியே போடாமல் எழுதினீர்கள். எல்லார் முன்னாலும் அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.’ அன்று வந்த அதே கேசட் இன்னும் தன்னிடம் இருப்பதாகவும் கொண்டுவருவதாகவும் ராட்னி பதில் எழுதினார்.

விமர்சனம் நாலே வரி. ‘ஐந்தே அறை. அதற்குமேல் ஒன்றுமில்லை. காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.’ அதைப் படித்த கடைக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கேசட் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். சுரங்கத் தொழிலாளர்களின் ஒரு வருஷ வேலைநிறுத்தம் தோற்று, வேலையும் போய், இருபத்திரண்டு வயதில் நெவில் நம்பியிருந்தது அந்த ஒரு விளையாட்டை மட்டும்தான்.

“அந்தப் பய திருப்பியே போடலக்கா,” என்றான் அன்றைக்கு. அதோடு சரி. வந்த பெட்டிகளை அவளைத் தொடவிடாமல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். பிறகு கொல்லையில் குவித்துக் கொளுத்தினான். அதற்குப் பிறகு சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கினானே தவிர, கம்ப்யூட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கல்யாணமும் இல்லை. போன பிப்ரவரியில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான்.

“அடுத்தது, ‘நாலாம் மட்டம்’!” என்றார் ராட்னி மைக்கில். “இதை எழுதின நெவிலோட அக்கா இங்க வந்திருக்காங்க. என்மேல செம கோபத்துல இருக்காங்க. வாங்கம்மா, மேல வாங்க. அடிக்கிறதா இருந்தா முகத்துல மட்டும் வேணாம்.”

கூட்டம் சிரித்தது. பெவர்லி சிரிக்காமல் மேடையேறி உட்கார்ந்தாள்.

ரப்பர் பொத்தான் வைத்த சின்னக் கறுப்புக் கம்ப்யூட்டரில் ஒரு டேப் ரிக்கார்டரை இணைத்திருந்தார்கள். ராட்னி கேசட்டைப் போட்டார். விளையாட்டு கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குள் ஏறும்வரை, கிறீச் என்று காதைக் கிழிக்கும் சத்தம் ஐந்து நிமிஷம். திரையின் ஓரத்தில் மஞ்சளும் நீலமுமாகக் கோடுகள் ஓடின. பிறகு விளக்கறை வந்தது. நெவில் வேலைபார்த்த சுரங்கத்தின் மேல்தளத்தில், தொழிலாளர்கள் தலைவிளக்கு வாங்குகிற அறை. குச்சிபோல ஒரு ஆள் நின்றான்.

“ராட்னி, உன் தலையைவிட படம் தெளிவா இருக்குய்யா!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

“இருடா, உன் தலைக்கும் மார்க் போடறேன்,” என்றார் ராட்னி.

ஐந்து அறைகளையும் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். “குதிக்கிறது மந்தம். நிறம் ஒண்ணுமேல ஒண்ணு வழியுது. பொய் சொல்ல மாட்டேம்மா, இதுவரைக்கும் அதே பத்தொன்பதுதான்.” கடைசி அறையில், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டின் கதவு திறந்தது. திரையில் எழுத்து வந்தது. ‘கேசட்டைத் திருப்பிப் போடு. இனி கீழே இறங்கப் போகிறாய்.’

பெவர்லி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். “போடுங்க,” என்றாள். “அன்னிக்குப் போடாததை இன்னிக்காவது போடுங்க.”

ராட்னி அவளை ஒரு மாதிரி பார்த்தார். கேசட்டைத் திருப்பிப் போட்டார். மறுபடி ஐந்து நிமிஷம் கிறீச். மஞ்சள், நீலம்.

விளக்கறை வந்தது. அதே குச்சி ஆள்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராட்னி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

“நான் திருப்பிப் போட்டேம்மா, அன்னிக்கே. ரெண்டு தடவை போட்டேன். ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்னு எழுதியும் குடுத்தேன். இடமில்லைன்னு ஆசிரியர் அந்த வரியை வெட்டிட்டாரு.”

அவள் மேசைப் பக்கம் குனிந்தாள். ரிக்கார்டரின் சின்னக் கண்ணாடி வழியாகக் கேசட்டின் பெயர்ச்சீட்டு தெரிந்தது. பச்சை மையில் சாய்வான எழுத்து. அவளுடைய எழுத்து.

கேசட்டுகளைப் பதிந்தவள் அவள்தான். சமையலறை மேசையில் இரண்டு ரிக்கார்டர்களை ஒயரால் இணைத்து, ஒரே நாளில் அறுபது. பஸ் பிடிக்க ஓடும்போது நெவில் வாசலில் நின்று, “டப்பாவுல மாஸ்டர் ரெண்டு இருக்கு, பாத்துக்க,” என்றான். நகலெடுக்கிற மூலக் கேசட் இரண்டாவது ஒன்று எதற்கு என்று அவள் யோசிக்கவே இல்லை. அந்தக் காலத்தில் கடையில் வாங்குகிற விளையாட்டுக் கேசட் முக்கால்வாசி அப்படித்தான். ஒரு பக்கம் கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று மறுபக்கமும் அதையே பதிந்திருப்பார்கள். இரண்டாவது மாஸ்டரும் அதேமாதிரி காப்புக்குத்தான் என்று நினைத்து, அதை டப்பாவிலேயே விட்டுவிட்டாள். முதல் மாஸ்டரையே அறுபதுக்கும் இரண்டு பக்கமும் பதிந்தாள். கேட்பதற்கு எல்லாம் ஒரே கிறீச்தானே. சீக்கிரம் முடித்துவிட்டோம் என்று சந்தோஷம் வேறு பட்டாள்.

திரும்பி வந்த பெட்டிகளை நெவில் ஏன் அவளைத் தொடவிடவில்லை என்று இப்போது புரிந்தது. ஏன் கொளுத்தினான் என்பதும்.

“கேசட் ஏதோ மாறிப்போச்சுன்னு சொல்லிடறேன்,” என்றார் ராட்னி மெதுவாக. “இல்லைன்னா நான்தான் அன்னிக்குத் திருப்பலைன்னே மைக்ல சொல்லிடறேனே. எனக்கு இனிமே என்ன நஷ்டம்?”

சரி என்று தலையாட்டியிருந்தால் போதும். அதைக் கேட்கத்தானே வந்தாள். பெவர்லி கைப்பையைத் திறந்தாள். நெவில் செத்த பிறகு அவன் காலுறை டிராயரில் கிடைத்த கேசட் உள்ளே இருந்தது. ‘பி, மாஸ்டர்’ என்று அவன் கையெழுத்து. ராட்னியின் மூக்கை உடைப்பதற்காக எடுத்துவந்தது.

“இதைப் போடுங்க,” என்றாள்.

முதல் தடவை ஏறவில்லை. ராட்னி பையிலிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ரிக்கார்டரில் நாடாவைப் படிக்கிற தலையை இம்மி இம்மியாகத் திருகி, சத்தம் கூர்மையாகும்வரை காதைக் கொடுத்துக் கேட்டார். மூன்றாவது தடவை ஏறியது.

திரை முழுக்க இருட்டு. தலைவிளக்கு வெளிச்சம் விழுகிற இடத்தில் மட்டும் கைக்குட்டை அளவு பாதை தெரிந்தது. எங்கே கூரை இறங்கப்போகிறது என்று பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். கூரையைத் தாங்கும் மரமுட்டு முறிவதற்கு முன்னால் டக், டக் என்று இரண்டு சத்தம். அதற்குள் நகர வேண்டும். ராட்னி பேசுவதை நிறுத்திவிட்டார். கூட்டத்தில் கேலி நின்றது. முன்வரிசையில் ஒரு கிழவர் டக் என்று கேட்டதுமே நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாற்பது நிமிஷம் ஆடினார். யாரும் எழுந்திருக்கவில்லை.

“குதிக்கிறது இப்பவும் மந்தம்தான்,” என்றார் கடைசியில். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனா இப்படி ஒண்ணை அந்த வருஷம் எவனும் செய்யலை. இப்பவும் எனக்குப் பயமா இருக்கு. தொண்ணூத்தொண்ணு.”

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பெவர்லிக்கு அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. பத்தொன்பதே நியாயம் என்று ஆகியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தாள்.

ராட்னியின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

“இவரு திருப்பிப் போட்டாரு,” என்றாள். “ரெண்டு பக்கமும் ஒண்ணையே பதிஞ்சது நான். என் தம்பிக்குத் தெரியும். என்கிட்ட சொல்லலை.”

கைதட்டல் அங்கங்கே அடங்கியது. பெவர்லி மைக்கை மேசைமேல் வைத்துவிட்டுக் கேசட்டுக்காகக் கையை நீட்டினாள். ராட்னி அதை டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

நெவில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். அந்தச் சமையலறை மேசையில், அதே நாற்காலியில் உட்காருவான். வறுத்த இறைச்சியைப் பரிமாறிக்கொண்டே அவள் ராட்னியைத் திட்டத் தொடங்குவாள். அவன் தலையைக் குனிந்து தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “விடுக்கா, அவனையெல்லாம் ஒரு ஆளா மதிச்சு,” என்பான். முப்பத்தொன்பது வருஷமும் அதைத்தான் சொன்னான்.